33 அங்குல டயர் போட்ட டகோமா: ஆக்சில் கியரை மாற்றலாமா, அப்படியே விடலாமா?

2016 முதல் 2023 வரை வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமா பிக்கப்பில் பெரிய டயர் மாட்டியவர்கள் முதல் மாதத்திலேயே சொல்லும் புகார் ஒன்றுதான்: "வண்டி முன்ன மாதிரி இழுக்கல." ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கூடவே இன்னொன்றும் வரும். லேசான மேட்டில்கூட ஆறாவது கியரில் நிற்காமல் ஐந்துக்கும் நாலுக்கும் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. உடனே பக்கத்தில் இருக்கும் யாராவது "ரீகியர் பண்ணிடுப்பா, 4.88 போட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார். ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஜோடியை வேறு விகிதத்துக்கு மாற்றுவதுதான் ரீகியர்; 4.88 என்பது அந்த விகிதம்.

அமெரிக்கக் கடைகளில் முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து இந்த வேலைக்கு ஏறத்தாழ 2,000 முதல் 3,500 டாலர் வரை கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது என்ன, அதில் எவ்வளவு ஏற்கெனவே வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். 33 அங்குலத்தோடு நிற்கிறவர்கள் பலருக்கு இது தேவையில்லை. 35-க்குப் போகிறவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். கம்பெனியிலிருந்து வரும் 265/70 ஆர்16 டயரின் விட்டம் 30.6 அங்குலம். பலரும் மாற்றிக்கொள்ளும் 285/70 ஆர்17 டயர் 32.7 அங்குலம். பேச்சில்தான் அதை '33' என்கிறோம். வி6 ஆட்டோமேட்டிக் டகோமாவின் ஆக்சில் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற அதை ஓட்டும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண், 3.909. டயர் பெரிதானதும் அது 3.66 போல வேலை செய்யும். அதாவது எந்தக் கியரில் இருந்தாலும் தரையில் கிடைக்கும் இழுவை சுமார் 6.5 விழுக்காடு குறைகிறது. முழு 35 அங்குலம் என்றால் இழப்பு 12.5 விழுக்காட்டைத் தாண்டும்.

பழைய நிலைக்குத் திரும்ப என்ன ரேஷியோ வேண்டும்? பழைய ரேஷியோவைப் புது விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுத்தால் போதும். 33-க்கு 4.18, 35-க்கு 4.47. கடையில் கிடைப்பவை 4.56, 4.88, 5.29. எனவே எதைப் போட்டாலும் கம்பெனி நிலையைவிடக் கொஞ்சம் கூடுதல் இழுவைதான் வரும். 33-ல் 4.56 போட்டால் 9 விழுக்காடு, 4.88 போட்டால் 17 விழுக்காடு. 35-ல் 4.88 போட்டால் 9, 5.29 போட்டால் 18. இந்த நாலு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் சொல்லும் "வேற வண்டி மாதிரி ஆயிடுச்சு" என்பது எவ்வளவு உண்மை என்று எடைபோடலாம்.

காசில்லாத ரீகியர்

இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆக்சில் ரேஷியோவாலும் கியர் ரேஷியோவாலும் 336-ஆலும் பெருக்கி, டயர் விட்டத்தால் வகுக்க வேண்டும். வண்டியின் எடையில் டயர் கொஞ்சம் அமுங்குவதால் நிஜத்தில் ஓரிரண்டு விழுக்காடு கூடுதலாகக் காட்டும். ஒப்பிடுவதற்கு இது போதும்.

இந்த டகோமாவின் ஆறாவது கியர் 0.58, ஐந்தாவது 0.687. 70 மைல் வேகத்தில் பழைய டயரில் ஆறாவது கியரில் இன்ஜின் சுமார் 1,740 ஆர்பிஎம்மில் போகும். 33 போட்டதும் 1,630 ஆகிறது. இந்த 3.5 லிட்டர் வி6-க்கு உச்ச முறுக்குவிசையான 265 பவுண்டு-அடி வருவதே 4,600 ஆர்பிஎம்மில்தான். 1,630-ல் அதனிடம் மேடு ஏறச் சொன்னால் கியரை இறக்காமல் என்ன செய்யும்?

இனி 4.56 போட்டதாக வைத்துக்கொள்வோம். அதே 70 மைலில் ஆறாவது கியர் 1,900 ஆர்பிஎம். ஒன்றுமே மாற்றாமல் 33 டயரில் ஐந்தாவது கியரில் ஓட்டினால் 1,930. கிட்டத்தட்ட ஒன்றேதான். நெடுஞ்சாலையில் கியர் தாவுவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் உங்கள் குறை என்றால், 3,000 டாலர் கொடுத்து வாங்கும் ஆறாவது கியர் உங்கள் வண்டியில் ஐந்தாவது கியராக ஏற்கெனவே இருக்கிறது. லீவரை எஸ் பக்கம் தள்ளி 5 என்று வைத்தால் போதும், வண்டி ஆறுக்கே போகாது. டேஷ்போர்டில் இருக்கும் 'இசிடி பவர்' பொத்தானை அழுத்தினால் கியரை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாமலே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

இதை ஒரு வாரம் செய்து பாருங்கள். அதிலேயே குறை தீர்ந்துவிட்டால் மேலே படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எஸ்5 எங்கே உதவாது

இரண்டு இடங்களில் உதவாது. முதலாவது, முதல் கியர். அதற்குக் கீழே இன்னொரு கியர் கிடையாது, ஆகவே சிக்னலில் கிளம்பும்போதும், பாறையில் ஊர்ந்து ஏறும்போதும் ஆக்சில் ரேஷியோவைத் தவிர வேறு வழி இல்லை. இந்த ஆட்டோமேட்டிக்கின் ஊர்தல் ரேஷியோ, ஃபோர் வீல் டிரைவின் மெதுவான லோ ரேஞ்ச், முதல் கியர், ஆக்சில் மூன்றின் ரேஷியோவையும் பெருக்கினால் 36-க்கு 1. கியர் மாற்றாமல் 35 டயர் போட்டால் அது 31.6 போல ஆகிவிடும். 4.88 போட்ட பிறகு அதே 35 டயரில் 39-க்குப் பக்கத்தில் வரும். யூட்டா மாநிலத்தின் மோவாபில் செங்குத்தான பாறைச் சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கிறதா, இல்லை இன்ஜினே பிடித்து நிறுத்துகிறதா என்பது இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இரண்டாவது இடம் கொஞ்சம் நுட்பமானது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஜார்ஜ்டவுனிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கம் வரை ஏறும் மேட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 8,500 அடியில் தொடங்கி 11,000 அடியில் முடிகிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு சக்தியை இழக்கும். 278 குதிரைத்திறன் என்று காகிதத்தில் இருப்பது அந்தச் சுரங்க வாயிலில் 200-க்குக் கீழே போய்விடும். இதை எந்தக் கியரும் திருப்பித் தராது. கியர் இழுவையைப் பெருக்கும், சக்தியைப் பெருக்காது. நீண்ட மேட்டில் 65-ல் போக முடியுமா, 55-தானா என்பதை முடிவு செய்வது சக்தி. "ரீகியர் பண்ணினா மலையில பறக்கும்" என்று சொல்பவரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அங்கே வேறொரு சங்கடம் உண்டு. இந்தக் கியர் பெட்டியில் மூன்றாவது கியர் 1.488, நாலாவது 1.00, நடுவே பெரிய இடைவெளி. 33 டயரில் 65 மைலில் நாலாவது கியர் 2,610 ஆர்பிஎம், மூன்றாவது 3,885. நாலாவதில் மூச்சு வாங்கும், மூன்றாவதில் அலறும். உங்களுக்குத் தேவையானது நடுவில் எங்கோ இருக்கிறது, ஆனால் அங்கே கியர் இல்லை. 4.88 போட்டால் நாலாவது கியர் 3,260-ல் வந்து உட்காரும். மலையேற்றத்தில் ரீகியரின் உண்மையான பலன் இதுதான்: வேகம் கூடாது, இன்ஜின் நிம்மதியாக இருக்கும் ஒரு இடம் கிடைக்கும். வாராவாரம் மலைக்குப் போகிறவருக்கும், 3,500 பவுண்டு டிரெய்லரைக் கட்டி இழுப்பவருக்கும் இது பெரிய விஷயம். ஹூஸ்டனில் சமதரையில் அலுவலகம் போய் வருபவருக்கு இது ஒன்றுமே இல்லை.

டயரின் எடையைக் கேட்டீர்களா?

எல்லாரும் விட்டத்தைப் பேசுகிறார்கள், எடையைப் பேசுவதில்லை. ஒரே 285/70 ஆர்17 அளவில், சுமை தாங்கும் திறனைப் பொறுத்துச் சி ரகமும் உண்டு, ஈ ரகமும் உண்டு. ஈ என்பது பத்து அடுக்கு பலம், கனமான சுமை ஏற்றும் பெரிய டிரக்குகளுக்கானது. ஒரு டயர் 55 பவுண்டுக்குப் பக்கத்தில் போகும். சி ரகத்துக்கும் அதற்கும் டயர் ஒன்றுக்கு ஐந்திலிருந்து பத்து பவுண்டு வரை வித்தியாசம் வரலாம். அந்த எடை சக்கரத்தின் வெளிவட்டத்தில் சுற்றுகிறது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதைச் சுழற்றி எழுப்ப வேண்டும், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பிரேக் அதை அடக்க வேண்டும். கிளம்பும்போதான மந்தத்துக்குக் கியர் மருந்தாகும். பிரேக் தூரத்துக்கு ஆகாது.

டகோமா ஒன்றும் 'முக்கால் டன்' எனப்படும் கனரக டிரக் அல்ல. பாறைகளில் பக்கச்சுவர் கிழியும் இடங்களுக்குப் போகாதவர் ஈ ரகம் வாங்குவது வீண் சுமை. கடைக்காரர் கையிருப்பில் அதுதான் இருக்கிறது என்பதற்காக வாங்கிவிட்டு, பிறகு இழுக்கவில்லை என்று கியர் கடையைத் தேடுவது நிறைய நடக்கிறது. இன்னும் டயரே வாங்காதவருக்கு என் யோசனை: சி ரகத்தில் எடை குறைந்த ஒன்றைப் பாருங்கள். அல்லது 265/75 ஆர்16 என்று சுமார் 31.6 அங்குலத்தில் நில்லுங்கள். பம்பரைத் தேய்க்காது, கேபினைச் சட்டத்தோடு இணைக்கும் பாடி மவுண்டை வெட்ட வேண்டாம், ரீகியர் பேச்சே எழாது.

மைலேஜ் கணக்கு

"ரீகியர் செய்தால் மைலேஜ் திரும்பி வந்துவிடும்" என்ற வாதத்தை நான் நம்புவதில்லை. முதலில், போனதாகச் சொல்லும் மைலேஜில் ஒரு பகுதி போகவே இல்லை. டகோமா வேகத்தையும் தூரத்தையும் சக்கர சென்சார்களிலிருந்து எடுக்கிறது. டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. நீங்கள் 100 மைல் போனால் 93.6 என்று காட்டும். மீட்டரைப் பார்த்துப் போட்ட கணக்கில் கேலனுக்கு 17 என்று வந்தால், நிஜம் 18.2. இதே காரணத்தால் மீட்டர் 70 காட்டும்போது நீங்கள் 75-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். போலீஸ்காரருக்கு இந்த விளக்கம் ருசிக்காது. டயர் மாற்றியவுடன் மீட்டரைத் திருத்தும் சின்னக் கருவியையோ, குறைந்தபட்சம் ஜிபிஎஸ் வேகத்தையோ பார்த்துக்கொள்ளுங்கள். கியர் மாற்றுவதால் இந்தப் பிழை சரியாகாது என்பதையும் கவனியுங்கள். சென்சார் சக்கரத்தில் இருக்கிறது, கியர் அதற்கு முன்னால் இருக்கிறது.

சரி, ரீகியரால் கேலனுக்கு ஒரு மைல் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 மைல், 17-லிருந்து 18. மிச்சம் 39 கேலன். கேலன் 3.50 டாலர் என்றால் 137 டாலர். 3,000 டாலர் செலவு திரும்ப 22 ஆண்டு ஆகும்.

டியூனும் பெடல் பெட்டியும்

ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே செருகும் பெட்டிகள் சில நூறு டாலருக்கு விற்கின்றன. அரை மிதி மிதித்தால் முக்கால் மிதி என்று இன்ஜினிடம் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அதே பலன் இலவசம்.

டியூன், அதாவது வண்டிக் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது, அப்படியல்ல. எந்த வேகத்தில், எவ்வளவு மிதியில் கியர் மாறுவது என்ற அட்டவணையையே மாற்றி எழுதுகிறார்கள். டகோமாவின் பெரிய குறையே அந்த அட்டவணைதான் என்பதால், 33 டயரில் இருக்கும் ஆட்டோமேட்டிக்குக்கு டியூன் ரீகியரைவிட நல்ல முதல் படி. செலவும் சில நூறு டாலர்தான். குறைகள் இரண்டு. இன்ஜின் வாரண்டியில் டீலர் கேள்வி எழுப்பலாம். கலிஃபோர்னியாவில் 2021 ஜூலையிலிருந்து புகைச் சோதனையின்போது கம்ப்யூட்டர் மென்பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அங்கீகாரம் இல்லாத டியூன் இருந்தால் வண்டி தேறாது.

மாற்றுவது என்றால் எது?

தயாரிப்பாளர்களே ஒரு கோட்டைக் காட்டியிருக்கிறார்கள். ஃபோர்டு பிராங்கோவில் 35 அங்குல டயரோடு வரும் சாஸ்குவாட்ச் தொகுப்புக்கு 4.7 ஆக்சில். ஜீப் ரேங்லர் ரூபிகானில் 35 டயரோடு வந்த எக்ஸ்ட்ரீம் ரீகான் தொகுப்புக்கு 4.56. அவர்களிடம் கியர் எண்ணிக்கை அதிகமுள்ள பெட்டிகளும் நல்ல இன்ஜின்களும் இருந்தும் 35 என்றதும் ஆக்சிலை மாற்றினார்கள். ஆறே கியர் உள்ள டகோமாவில் 35 போட்டுவிட்டு 3.909-லேயே ஓட்டுவேன் என்பது வீம்பு.

33-ல் நிற்கும் ஒருவர், மேலே சொன்ன மலை அல்லது டிரெய்லர் காரணத்துக்காகச் செய்தே ஆக வேண்டும் என்றால் 4.56-ஐவிட 4.88 எனக்குச் சரியாகப் படுகிறது. கூலி ஒன்றுதான். 70 மைலில் ஆறாவது கியர் 2,040 ஆர்பிஎம் ஆகும். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் கம்பெனி டயரில் ஐந்தாவது கியர் ஓடியதே 2,065-ல்தான். ஸ்டீல் பம்பர், வின்ச், கூரைக் கூடாரம் என்று எடை ஏற்றியவர்களுக்கு இதில் சந்தேகமே வேண்டாம். நாளை 35-க்குப் போனாலும் 4.88 போதும், இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.

5.29-ஐ மட்டும் யோசித்துப் போடுங்கள். ஆக்சிலுக்குள் பினியன் என்ற சின்னக் கியர் கிரவுன் என்ற பெரிய கியரைச் சுற்றுகிறது. கம்பெனி 3.909 என்பது கிரவுன் சக்கரத்தில் 43 பல், பினியனில் 11 பல். 4.88-ல் அது 39-க்கு 8. 5.29-ல் 37-க்கு 7. கிரவுனின் விட்டம் ஹவுசிங்குக்குள் அடங்க வேண்டும், ஆகவே ரேஷியோ கூடக் கூடப் பினியன்தான் சிறுத்துக்கொண்டே போகும். ஏழு பல் பினியனில் ஒரே நேரத்தில் சுமை தாங்கும் பல்லும் குறைவு, தலையும் சிறிது. 35-க்கு மேல் போய் நிதானமாக ஊர்பவருக்கு அது பரவாயில்லை. காலை அழுத்தி மிதிக்கிற பழக்கம் உள்ளவருக்கு ஆகாது.

பழைய பாகங்களில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. மேனுவல் வி6 டகோமாவுக்கு டொயோட்டாவே 4.30 கொடுத்தது. 33 டயருக்கு வேண்டிய 4.18-க்கு மிக நெருக்கமான எண் அது. ஆனால் மேனுவல் வண்டிகள் குறைவு, முன்னும் பின்னும் இரண்டும் கிடைக்க வேண்டும், பின் ஹவுசிங் அளவும் லாக்கர் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் அமைப்பு) உண்டா இல்லையா என்பதும் ஒத்துப்போக வேண்டும். தேடும் நேரத்துக்குக் கூலி போட்டால் புதிது வாங்குவதே லாபம்.

பின் ஆக்சிலை மட்டும் மாற்றிப் பாதிச் செலவில் முடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டூ வீல் டிரைவ் வண்டியில் தாராளமாகச் செய்யலாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு ரேஷியோ இருந்தால், ஃபோர் வீலில் போட்ட நிமிடமே இரண்டும் எதிரெதிராக இழுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறிக்கும்.

கடையில் பார்க்க வேண்டியது

செலவில் பெரும்பகுதி கூலிதான், அந்தக் கூலிதான் முக்கியமும். பின் டிஃபரன்ஷியலை (இந்தக் கியர்கள் இருக்கும் பகுதி) ஹவுசிங்கிலிருந்து மொத்தமாகக் கழற்றி மேஜைமேல் வைத்து வேலை செய்யலாம். முன்பக்கம் சிப்பி மாதிரி இரண்டு மூடிகள் சேர்ந்த பெட்டி. ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றும் ஒவ்வொரு முறையும் பிரித்துச் சேர்க்க வேண்டும், கடைக்காரரின் பொறுமை சோதிக்கப்படும் இடம் அது.

நல்ல மெக்கானிக் கிரவுன் பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, பினியனைக் கொஞ்சம் தடுத்துப் பிடித்தபடி சுற்றுவார். பற்கள் உரசிய இடத்தில் பசை விலகி ஒரு நீள்வட்டத் தடம் விழும். அது பல்லின் உச்சிக்கும் அடிக்கும் நடுவே விழ வேண்டும். அடியை ஒட்டி விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே இருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் ஷிம்மை மெல்லியதாக மாற்ற வேண்டும். உச்சியை ஒட்டி விழுந்தால் நேர்மாறு. பிறகு டயல் கேஜ் வைத்து பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையிலான தளர்வு, பார்ப்பார், 0.13 முதல் 0.18 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். இந்தத் தடத்தின் போட்டோவையும் பேக்லாஷ் அளவையும் எழுத்தில் தருவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். முகம் சுளிக்கும் கடையை விட்டுவிடுங்கள், 500 டாலர் குறைவாகச் சொன்னாலும். சரியாக உட்காராத கியர் குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிடும், அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவதும் மறுபடி பிரிப்பதும் இரண்டுமே தண்டனை. புது பேரிங்குகள் சேர்த்த விலையா, வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். 1975-ன் மேக்னசன்–மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் போட்டதை மட்டும் காரணம் காட்டி வண்டியின் மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆக்சில்களுக்குள் எது உடைந்தாலும் இனி அது உங்கள் கணக்கு.

கடைசியாக, விற்றுவிட்டு வேறு வாங்கும் வழியையும் ஒதுக்க வேண்டாம். 2024-ல் வந்த நாலாம் தலைமுறையில் 2.4 லிட்டர் டர்போவும் எட்டு கியரும் இருக்கின்றன. டர்போ மலை உயரத்தில் மூச்சை அவ்வளவாக விடாது. டிரெயில்ஹன்டர் ரகம் 33 டயரோடேயே வருகிறது. லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது), டயர், ரீகியர், டியூன் என்று பழைய வண்டியில் 8,000 டாலர் போடத் திட்டம் இருப்பவர் ஒருமுறை அந்த ஷோரூமுக்கும் போய் வரலாம். கடன் முடிந்த வண்டி வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது.

மாற்றியாகிவிட்டது என்றால் முதல் ஓட்டம் பதினைந்து இருபது நிமிடம் மெதுவாக, பிறகு ஹவுசிங் முழுவதும் ஆறும்வரை நிறுத்தம். இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். முதல் 500 மைலுக்கு டிரெய்லர் கூடாது, ஒரே சீராக நெடுஞ்சாலை வேகமும் கூடாது. 500 மைலில் இரண்டு டிஃபரன்ஷியல் எண்ணெயையும் வடித்து மாற்றுங்கள். பிளக்கில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் அது பற்கள் பழகிய தூள், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் தட்டுப்படும் சில்லு இருந்தால் வண்டியை ஓட்டாமல் டோ செய்து அதே கடைக்கு அனுப்புங்கள்.